நாக்கடியில் ஒரு திராட்சை

தவளக்குப்பம்
மே 9

லாஸ்பேட்டை அரசாங்கக் குடியிருப்பில் வசிக்கும் உயர்திரு தெய்வசிகாமணி அவர்களுக்கு,

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த ராஜாம்பாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பூக்கடையும் சௌக்கியம். அங்கே நீயும் துர்காவும் இனியாவும் சௌக்கியம் என்று உன் ஆபீஸ் அருள்முருகன் பூ வாங்க வந்தபோது சொன்னார். இனியாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்பதையும் அவர்தான் சொன்னார். ரொம்பச் சந்தோஷம். அத்தைக்காரி நான், அரை முழம் மல்லிகைக்கு வந்த ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது, மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். அப்பாவின் பதினாறாம் நாள் படையலில் நான் ஒரு கட்டு பீடி வைத்தேன். மில்லில் முப்பத்தைந்து வருஷம் பஞ்சுத் தூசி தின்ற மனுஷன். அவருக்குப் பிடித்தது சுறாப் புட்டும் பீடியும். நீ அந்தக் கட்டை எடுத்துத் தெருவில் எறிந்துவிட்டு, "அப்பா பீடிய வுட்டு மூணு வருஷம் ஆச்சு, நான்தான் வுட வெச்சேன். உனக்கு வாய் நீளம், பொய் சொல்றே" என்று நாற்பது பேர் முன்னால் சொன்னாய். சனிக்கிழமை தவறாமல் அவருக்கு ஒரு கட்டு வாங்கி வந்து கொடுத்தவள் நான். அன்றைக்குத்தான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினேன். நீ என் வாசலில் வந்து நின்று, அக்கா என்று வாய்விட்டுக் கூப்பிடுகிறவரை இந்த வாய் உன்னோடு பேசாது. நீயும் விடாமல், கூப்பிடவே மாட்டேன் என்று அதே தட்டில் அடித்தாய்.

சத்தியம் பேசுவதற்குத்தான், எழுதுவதற்கு இல்லை. அதனால் ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்கு நாலு நாள் தபால் போட்டுக்கொண்டிருக்கிறோம். செல்போனில் எழுதி அனுப்பு என்கிறார் உன் மாமா. அதில் படித்துவிட்டாய் என்று நீலக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். தபால் என்றால் வரவே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உனக்கு அந்த வசதி தேவைப்படும்.

இப்போது விஷயம். என் நாக்குக்கு அடியில், இடது பக்கம், திராட்சை அளவுக்கு நீலமாக ஒரு வீக்கம். வலி கிடையாது. போன மாதம் முறுக்கு கடித்தபோது அது உடைந்து வழுவழுவென்று தண்ணீர் வந்தது. ஒழிந்தது என்று அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். பத்தே நாளில் வீக்கம் திரும்பி வந்துவிட்டது. தேங்காய் திரும்பி வரவில்லை.

எச்சில் சுரப்பியின் வழி அடைபட்டு எச்சில் தேங்கிக் கட்டியாகியிருக்கிறதாம். இரண்டு டாக்டரிடம் காட்டினேன். கிளினிக் வைத்திருக்கும் பெரியவர் விஜயராகவன் சுரப்பியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கும் சின்னப் பெண் சரிதா, கத்தி வேண்டாம், ஒரு நூல் கோத்துவிட்டால் போதும் என்கிறாள். நீ படித்தவன். நாலு பேரை விசாரித்து எழுது. எனக்கு வாய்தான் சோறு போடுகிறது. அது கெட்டால் கடையில் என்ன செய்வேன்?

பதிலை எதிர்பார்க்காதவள் மாதிரி எதிர்பார்க்கும்,
ராஜாம்பாள்


லாஸ்பேட்டை
மே 21

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

பொருள்: நாக்கடி வீக்கம் குறித்துக் கருத்துரை கோரியது.
பார்வை: தங்கள் மே 9ஆம் தேதிக் கடிதம் (இங்கு கிடைத்தது மே 13, பிரித்தது மே 19).

வணக்கம். இவ்விடம் அனைவரும் நலம். அடியேனுக்கு மட்டும் ரத்த அழுத்தம் சற்று ஏறியுள்ளது. காரணம், பார்வையில் காணும் கடிதம்.

தாங்கள் கேட்டபடி விசாரித்தேன். நூல் முறையில், மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தடவி, வீக்கத்தின் மேல்தோலில் பட்டுநூலை நுழைத்து முடிந்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் நூல் போன வழியைச் சுற்றித் தோல் வளர்ந்து, தேங்கிய எச்சில் வெளியேறப் புது வாய்க்கால் உண்டாகிவிடும். பத்து நிமிட வேலை. அன்றே வீடு திரும்பலாம். குறை என்னவென்றால் சிலருக்குத் திரும்ப வருகிறது. அறுவை முறையில் மயக்கம் கொடுத்து வீக்கத்தையும் அதற்கு மூலமான சுரப்பியையும் எடுத்துவிடுவார்கள். வலி உண்டு, தையல் உண்டு, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். ஆனால் திரும்ப வருவது அரிது.

அடியேனின் பரிந்துரை அறுவையே. முப்பது வருட அலுவலக அனுபவத்தில் சொல்கிறேன், பாதியில் முடித்த கோப்பு மறுபடியும் மேசைக்கு வராமல் இருந்ததில்லை.

இனியாவின் திருமணம் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டது சரியே. பத்திரிகை அச்சில் உள்ளது. யார் யாரை எவ்விதம் அழைப்பது என்பது பரிசீலனையில் உள்ளது. பீடி தொடர்பாக இக்கடிதத்தில் எதுவும் கூற விரும்பவில்லை.

தங்கள் உடல்நலத்தில் அக்கறையுள்ள,
கோ. தெய்வசிகாமணி


தவளக்குப்பம்
மே 30

கருத்துரை கொடுத்த கனவானுக்கு,

நலம். உன் ரத்த அழுத்தத்துக்கு முருங்கைக்கீரை சாப்பிடு. துர்காவுக்கு ஆயத் தெரியாது, கொழுந்தும் காம்பும் சேர்த்துப் போட்டுவிடுவாள். நீயே ஆய்ந்து கொடு.

கோப்பு என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தாய் பார், அதைப் படித்த உடனே நூலுக்கே முடிவு பண்ணிவிட்டேன். நாற்பது வருஷமாக நூலில் சோறு தின்கிறவள் நான். என்னைக் காப்பாற்றுவதென்றால் நூல்தான் காப்பாற்ற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை போட்டார்கள். டாக்டரம்மா ஏதோ களிம்பு தடவினாள், நாக்கு அடுத்த வீட்டுக்காரியுடையது மாதிரி ஆகிவிட்டது. கறுப்பு நூல், தலைமுடிக்குக் கொஞ்சம் கூட. உள்ளே விட்டு, வெளியே எடுத்து, முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பூக்கட்டுகிற பிள்ளை அப்படி முடிந்தால் கையில் ஒன்று வைப்பேன். வாயைப் பிளந்துகொண்டு எப்படிச் சொல்வது? எல்லாம் முடிந்த பிறகு, தலையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி, இப்படிச் சுற்றி இப்படி இழுத்தால் தேர் இழுத்தாலும் வராது என்று கட்டிக் காட்டினேன். அவள் கவனமாகப் பார்த்தாள். நல்ல பெண். பிறகு சொன்னாள்: "அம்மா, இந்த நூல் இறுக்கிப் புடிக்கறதுக்கு இல்ல, சும்மா கெடக்கறதுக்கு. ரெண்டு வாரம் நீங்க கையே வைக்கக் கூடாது."

அவள் படிக்கிற புத்தகத்தில் இந்த வீக்கத்துக்குத் தவளையின் பேரை வைத்திருக்கிறார்களாம். தவளையின் வயிறு மாதிரி இருக்கிறதே, அதனால். தவளை தன் வாயால் கெடும் என்று நீ எழுதப் போகிறாய், எனக்குத் தெரியும். அதற்காக ஒரு தபால் வீணாக்காதே.

நூலின் இரண்டு நுனியும் நாக்கில் பூனை மீசை மாதிரி குத்திக்கொண்டே இருக்கின்றன.

இனியா கல்யாணத்துக்கு மாலை யார் கட்டுகிறார்கள்? நான் கேட்கவில்லை, சும்மா எழுதினேன். வெளியே கொடுத்தால் சம்பங்கியில் முந்தாநாள் பூவைக் கலந்துவிடுவார்கள்.

நாக்கை அசைக்காமல் எழுதும்,
ராஜாம்பாள்


லாஸ்பேட்டை
ஜூன் 14

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

நினைவூட்டல் 1.

இவ்விடம் நலம். கீரை அடியேனே ஆய்கிறேன்.

நூல் எடுக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது. தங்களிடமிருந்து தகவல் இல்லை. தவளக்குப்பம் ஜங்ஷனில் தங்கள் கடைப் பக்கம் சத்தமே கேட்கவில்லை என்றும், மாமாதான் உட்கார்ந்து பூ விற்கிறார் என்றும், முழத்துக்கு முழம் அளவு மாறுகிறது என்றும் அருள்முருகன் தெரிவிக்கிறார். உடன் விளக்கம் தரவும்.

இது வெறும் விசாரணைதான். கவலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோ. தெய்வசிகாமணி


தவளக்குப்பம்
ஜூன் 20

சிகாமணிக்கு,

நலம் என்று எழுதினால் அதுவும் பொய் என்பாய். அதனால் நலம் இல்லை என்றே எழுதுகிறேன்.

நூலைப் பிடுங்கிவிட்டேன். போட்ட ஆறாம் நாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. கடையில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தேன். சரம் முடிந்தால் நுனியைப் பல்லால் கடித்து அறுப்பது என் பழக்கம், உனக்குத் தெரியும். சின்ன வயசில் உன் அரைஞாண் கயிற்றைக்கூட அப்படித்தான் அறுத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு சரத்தை அறுத்தேன், நாக்கில் இன்னொரு நுனி தட்டுப்பட்டது. நுனி தொங்கினால் என் கை சும்மா இருக்குமா? இரண்டு விரலால் பிடித்து, ஒரு சுண்டு சுண்டி இழுத்தேன். வந்துவிட்டது. கையில் கறுப்பு நூலைப் பார்த்த பிறகுதான் அது பூவில் உள்ளது இல்லை என்று தெரிந்தது. எதிரில் நின்ற சொல்தா வீட்டம்மா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறாளே அவள்தான், பூவே வேண்டாம் என்று போய்விட்டாள்.

டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். திராட்சை இப்போது நெல்லிக்காய் ஆகிவிட்டது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. முழம் இருபது என்று கத்தினால் எதிர்க்கடைக்காரனுக்கே புரியவில்லை. முந்தாநாள் போய் உண்மையைச் சொன்னேன். சரிதா திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அது திட்டுவதைவிட மோசம்.

மறுபடி நூல் போடலாம், ஆனால் இப்போது பெரிதாகிவிட்டது, திரும்ப வராது என்று சொல்ல முடியாது என்கிறாள். வெட்டி எடுத்தால் வராது. ஆனால் நாக்குக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் ஓடுகிறதாம். எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாலும் சிலருக்குக் கொஞ்ச நாள் நாக்கு மரத்துப்போகும், பேச்சு குழறும் என்று முன்கூட்டியே சொன்னாள்.

நூல் மேல் எனக்குக் குறை இல்லை. என் கை மேல்தான் நம்பிக்கை இல்லை. நீ சொன்னபடி வெட்டியே எடுத்துவிடப் போகிறேன். ஆவணியில் வாயில் நெல்லிக்காயோடு கல்யாண வீட்டில் நிற்க முடியாது. கூப்பிட்டால்தானே நிற்பாய் என்கிறாயா? அதுவும் சரிதான்.

நீ ஜெயித்தாய். தலை வீங்கிவிடப் போகிறது, அதற்கு நூல் கிடையாது.

ராஜாம்பாள்


லாஸ்பேட்டை
ஜூன் 25

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

பார்வை: தங்கள் ஜூன் 20ஆம் தேதிக் கடிதம் (கிடைத்தது ஜூன் 24, பிரித்தது ஜூன் 24).

நலம். நலமாக இருக்கவும்.

மே 21ஆம் தேதிய என் பரிந்துரை இதன் மூலம் ரத்து செய்யப்படுகிறது. அது போதிய விவரம் இன்றி எழுதப்பட்டது. நூல் முறையே சிறந்தது. உலகம் முழுதும் எல்லாவற்றையும் இப்போது சின்னதாகத்தான் செய்கிறார்கள். கத்தி என்பது பழைய நடைமுறை. மேலும் ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் எந்தக் காரியமும் கூடாது.

அருள்முருகனின் மைத்துனருக்கு இதே அறுவை நடந்திருக்கிறது. ஒரு வருஷம் நாக்கின் ஒரு பக்கம் மரத்துக் கிடந்ததாம். ரசத்துக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். பேசினால் வீட்டில் யாருக்கும் புரியாமல், கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டாராம்.

உனக்கு அப்படி ஆகிவிட்டால்

பூ விற்பது சிரமம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நூலையே மறுபடி போடச் சொல். வேண்டுமானால் இரண்டு வாரம் கையைக் கட்டி வைத்துக்கொள். மாமா ஊட்டிவிடட்டும். கடையை மூடு. கெஞ்சிக் கேட்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் அப்படித்தான் வைத்துக்கொள்.

தெய்வசிகாமணி

பின்குறிப்பு: மேலே சில இடங்களில் தாங்கள் என்பதற்குப் பதிலாக நீ என்று வந்துவிட்டது. எழுத்துப் பிழை.


தவளக்குப்பம்
ஜூலை 3

எழுத்துப் பிழை தம்பிக்கு,

இங்கே சௌக்கியம் முக்கால்வாசி. கால்வாசி நாக்கடியில் கிடக்கிறது.

மே மாதம் கோப்பை முழுசாக முடி என்றவன், ஜூன் மாதம் நூலே தெய்வம் என்கிறாய். உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், அதில் ஒன்றைச் செலவு பண்ணினார். "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்" என்றார்.

மைத்துனர் கதையைச் சரிதாவிடம் சொன்னேன். அப்படியும் நடப்பதுண்டு, ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு மெல்ல உணர்ச்சி திரும்பிவிடும், நரம்பைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன் என்றாள். பெரியவர் விஜயராகவனும் கூட நிற்கப் போகிறாராம். ஆடி இரண்டு, அதாவது ஜூலை 18, நாள் குறித்தாகிவிட்டது. எனக்கும் பயம்தான். பேசியே பிழைத்தவளுக்குப் பேச்சு போனால் என்ன மிச்சம்? இதை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்.

இன்னொரு விஷயம். நேற்றுச் சாயங்காலம் கடைக்கு ஒரு ஆள் வந்தார். வழுக்கை, கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. பார்த்த முகம் மாதிரி இருந்தது. வாயே திறக்கவில்லை. மல்லிகையைக் காட்டி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு முழம். நானும் பேசவில்லை. அளந்தேன். கை தவறி மூன்று முழம் ஆகிவிட்டது. பூவை வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றார். வாய் திறந்தது, மூடிற்று. திறந்தது, மூடிற்று. கூடையில் போட்ட கெண்டை மாதிரி. கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்ததும் அதையே சாக்காக வைத்து ஓடிவிட்டார்.

அந்த ஆளை நீ எங்கேயாவது பார்த்தால் சொல். பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். வாயால் கூப்பிடாத வீட்டு வாசலை நான் மிதிப்பதில்லை. ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினத்துத் தேருக்குக்கூட அந்த அம்மன் கனவில் வந்து கூப்பிட்டால்தான் போகிறேன்.

ராஜாம்பாள்


லாஸ்பேட்டை
ஜூலை 9

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

நலம். தாங்கள் குறிப்பிட்ட நபர் அடியேன் அல்ல. அன்று மாலை அடியேன் அலுவலகத்தில் இருந்ததற்கு வருகைப் பதிவேடு சாட்சி. (ஐந்து மணி வரை.)

ஒருவேளை அந்த நபர் அடியேனாக இருந்திருந்தால், அந்தப் பூ அப்பாவின் படத்துக்குப் போட வாங்கியதாக இருக்கும். மூன்று முழமும் சரியாக இருந்தது. படத்தைச் சுற்றி, பின்னால் இருக்கும் அவருடைய பழைய டிபன் கேரியர் வரைக்கும் வந்தது. கேரியரைப் பற்றிப் பிறகு.

18ஆம் தேதி காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். காபிகூடக் கூடாது. உன் பழக்கம் தெரியும், தண்ணீர் மாதிரி கொஞ்சம் காபி என்று குடித்துவிடாதே. வளையல், மூக்குத்தி கழற்றி மாமாவிடம் கொடு. மூக்குத்தி திருகு கழலவில்லை என்றால் முந்தின நாளே எண்ணெய் போடு. பயப்படாதே. சரிதா நல்ல கைராசிக்காரி, விசாரித்துவிட்டேன். மூன்று பேரிடம் விசாரித்தேன்.

வேறு எழுத நிறைய இருக்கிறது. வரவில்லை.

சிகாமணி


தவளக்குப்பம்
ஜூலை 20

அன்புள்ள மாப்பிள்ளைக்குத் தணிகாசலம் எழுதியது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எல்லோரும் நலமா?

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். முகம் வீங்கியிருக்கிறது. கஞ்சி குடிக்கிறாள். நாக்கு நுனி இடது பக்கம் மரத்திருக்கிறது. போகப் போகச் சரியாகும் என்றார்கள். தையல் ஆறும்வரை கம்மியாகப் பேசச் சொல்லி டாக்டரம்மா சொன்னாள். இவளுக்குக் கம்மியாகப் பேசத் தெரியாதும்மா, மொத்தமாக வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். சரி, பத்து நாள் ஒரு வார்த்தைகூடக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டாள். 28ஆம் தேதி வரைக்கும்.

வீடு அமைதியாக இருக்கிறது. மின்விசிறி சத்தம் போடுகிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எண்ணெய் விட வேண்டும்.

உங்களுக்கு ஏதாவது சொல்ல இருந்தால் இந்தப் பத்து நாளில் வந்து சொல்லிவிடுவது நல்லது. திருப்பி ஒன்றும் வராது. இந்த மாதிரி நேரம் எனக்கு முப்பத்தெட்டு வருஷத்தில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தணிகாசலம்


தவளக்குப்பம்
ஜூலை 29

என் தம்பி சிகாமணிக்கு,

அக்கா எழுதுவது. நலம். நிஜமாகவே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், மனசில் கிடந்ததை இறக்கி வைத்தவன் நலமாக இல்லாமல் என்ன.

நீ கெட்டிக்காரன். நான் வாய் திறக்க முடியாத பத்து நாள் பார்த்து வந்தாயே, அது ஆபீஸ் மூளை. உன் மாமா எழுதினாராமே. தலையணைக்கு அடியில் கிடந்த அரைகுறைக் காகிதத்தில் பார்த்துவிட்டேன். கொண்டவனே ஒற்றனானால் நான் யாரை நம்புவது?

அன்றைக்கு நீ வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துர்காவைத் தட்டோடு தெருமுனையில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு பையோடு கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றாய். வெயில் மண்டையில் அடித்தது. ஆடி மாதம் எந்தக் காரியமும் கூடாது என்று எனக்கு எழுதியவன், ஆடி ஒன்பதில் கல்யாணத்துக்கு அழைக்க வந்து நிற்கிறாய். எழுந்து வந்துவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. கற்பூரம் அணைத்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கூப்பிட்டாய். "அக்கா. நான் சிகாமணி வந்துருக்கேன்."

எனக்குத் தெரியாதது மாதிரி. ஆறு வருஷத்தில் உன் குரல் அப்பா குரல் மாதிரி ஆகிவிட்டது, அதுதான் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. நான் வாசலுக்கு வந்ததும் நீ தட்டைப் பற்றிப் பேசவில்லை, பத்திரிகையைப் பற்றிப் பேசவில்லை. பையிலிருந்து அப்பாவின் மில்லுக் கேரியரை எடுத்துப் படியில் வைத்து ஒவ்வொரு அடுக்காகக் கழற்றினாய். நாலு அடுக்கிலும் பீடிக் கட்டு. நான் வாங்கிக் கொடுத்தவை. நான் வாங்குகிற கட்டில் சுற்றியிருக்கும் அதே சிவப்பு நூல்.

"நீ சொன்னதுதான் நெசம்க்கா. நாலு வருஷம் முன்னாடி வெள்ளையடிக்கும்போது பரண் மேல கெடச்சுது, அப்பா எனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சுருந்தாரு. நாப்பது பேரு முன்னாடி உன்னப் பொய்க்காரின்னுட்டேன். அத வந்து சொல்ல வாய் வரல. உனக்கு நாக்கு மரத்துப்போவும்னாங்க. அப்புறம் நீ பேசறதக் கேக்கவே முடியாமப் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

நாலு வருஷமாக அந்தக் கேரியரைப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு, எனக்குப் பொருள், பார்வை என்று கடிதம் எழுதியிருக்கிறாய். உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆறு வருஷமாக ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்தது. தையல் போட்ட வாய். கையில் சிலேட்டு மட்டும்தான். அதிலும் கண்ணீர் சொட்டிப் பலப்பம் பிடிக்கவில்லை. உள்ளே வா என்று கையைத்தான் காட்ட முடிந்தது. கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் வருகிறாய் என்று கேட்டாய். ஐந்து விரலைக் காட்டினேன். ஐந்துதானா என்று உன் முகம் சுண்டியது. அடுத்த கையையும் காட்டினேன். இரண்டு விரல் காட்டிப் பூ வாங்கின அந்த ஆளுக்கு இப்போது கணக்கு நேராகிவிட்டது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சரிதா தையலைப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சும்மா, ஏதாவது பேசிக் காட்டுங்க, உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்க" என்றாள். வீட்டுக்காரர் பேரை நான் என்றைக்கு வாயால் சொன்னேன்? வாயைத் திறந்தேன். பத்து நாள் பூட்டிக் கிடந்த வாய், மரத்த நாக்கு, என்ன வருமோ எனக்கே தெரியாது. "சிகாமணி" என்று வந்தது. கொஞ்சம் கொழகொழவென்று வந்தது, ஆனால் வந்துவிட்டது. அவள் சீட்டைப் புரட்டி, இதில் தணிகாசலம் என்று இருக்கிறதே என்றாள். உன் மாமா சொன்னார்: "அது அவ தம்பி பேரும்மா. ஆறு வருஷமா அங்கதான் அடச்சுக்கிட்டு இருந்துச்சு."

பக்கத்தில் நின்ற பெரியவர் விஜயராகவனே சிரித்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்துவிடுவேன். மாலை நான்தான் கட்டுவேன், வெளியே யாரிடமாவது முன்பணம் கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கு. அப்பா படத்துக்கு முன்னால் கேரியரை வை. ஒரு அடுக்கைக் காலி பண்ணிச் சுறாப் புட்டு வைப்போம், மீதி மூன்று அடுக்கும் அவருக்கே இருக்கட்டும். தாங்கள் என்று ஒரு வார்த்தை உன் வாயில் வந்தால் வாசலோடு திரும்பிவிடுவேன். அந்த ஆறு வருஷப் பேச்சு அப்படியே இருக்கிறது, ஒரு வரிகூட மறக்கவில்லை. துர்காவிடம் சொல்லி அன்றைக்கு மத்தியானச் சமையலைச் சீக்கிரம் முடிக்கச் சொல், உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இனி எழுத வேலை இல்லை. இன்லண்ட் லெட்டர் மட்டும் இன்னும் நாலு மீதி இருக்கிறது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். உன்னை நம்ப முடியாது.

உன் அக்கா,
ராஜாம்பாள்